பாரசீக இளவரசனும் எங்கள் வீட்டுக் கோடை விடுமுறையும்

காலை நடையில் நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு மூன்று இடங்களில்தான் போய் நிற்கும். சர்க்கரை அளவு, சிறுவாணித் தண்ணீர், பேரப்பிள்ளைகள். மூன்றாவதில் எல்லோருக்கும் ஒரே குறைதான். "லீவுக்கு வந்திருக்காங்க. ஆனா வந்த மாதிரியே இல்லீங்க. ஆளுக்கொரு போனை எடுத்துக்கிட்டு ஆளுக்கொரு மூலைல உக்காந்துக்கறாங்க."

இதற்கு நம்மவர்கள் இரண்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. இன்னொன்று, "எப்படியோ போகட்டும்" என்று தொலைக்காட்சித் தொடர் பக்கம் திரும்பிக்கொள்வது. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த விளையாட்டை நாமும் சேர்ந்து விளையாடுவது.

"எழுபது வயசுக்கு மேல வீடியோ கேமா?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் எனக்கு இந்த விஷயத்தில் முப்பத்து மூன்று வருடச் சர்வீஸ் இருக்கிறது. நான் மில்லில் வேலை பார்த்த காலத்தைவிட அது கூடுதல். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பீளமேடு பக்கம் ஒரு பஞ்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். 1992 வாக்கில் எங்கள் பிரிவுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அதற்கென்று ஏ.சி. போட்ட தனி அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குக் கொடுத்த மரியாதையைக் கொடுத்தோம். மாலை ஐந்தரைக்கு மேல் அந்த அறையில் வேறு பூஜை நடக்கும். கம்ப்யூட்டர் பிரிவுப் பையன்கள் ஒரு பிளாப்பியைப் போட்டு, 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்ற விளையாட்டைத் திறப்பார்கள்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலை மிதித்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாரசீக இளவரசனைத் தெரிந்திருக்கும். சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறைப்பிடித்து, "ஒரு மணி நேரம் தருகிறேன், என்னைக் கட்டிக்கொள், இல்லாவிட்டால் சாவு" என்று மணற்கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறான். அவளை விரும்பும் இளைஞன் பாதாளச் சிறையில் கிடக்கிறான். அவன் தப்பித்து, பன்னிரண்டு கட்டங்களைத் தாண்டி, அறுபது நிமிடத்துக்குள் கோபுரத்துக்கு வந்து சேர வேண்டும். வழியெல்லாம் பள்ளம், முள், இடிந்து விழும் தரை, வாள் ஏந்திய காவலர்கள்.

எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'பாக்தாத் திருடன்' பார்த்து வளர்ந்தவன் நான். கெட்ட மந்திரி, சிறையில் கதாநாயகன், மாடத்தில் இளவரசி, கடைசியில் வாள் சண்டை. எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதி. ஒரே வித்தியாசம், இங்கே எம்.ஜி.ஆரை நான்தான் குதிக்க வைக்க வேண்டும். என் கையில் அவர் முதல் பள்ளத்திலேயே விழுந்தார்.

இந்த விளையாட்டைச் செய்தவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். வெளிவந்தது 1989. அந்தக் குட்டி உருவம் ஓடுவதும், எம்பித் தொங்குவதும், தடுமாறி நிற்பதும் உயிருள்ள ஆள் மாதிரியே இருக்கும். காரணம், அது உயிருள்ள ஆள்தான். மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடவும் குதிக்கவும் விட்டு, அதை வீடியோ எடுத்து, ஒவ்வோர் அசைவாகப் பார்த்து வரைந்தார். வாள் சண்டைக்கு 1938-இல் வந்த ராபின்ஹூட் படத்தில் எர்ரல் ஃப்ளின் போட்ட சண்டையை எடுத்துக்கொண்டார். இசை அமைத்தவர் அவருடைய அப்பா பிரான்சிஸ் மெக்னர், தொழிலால் உளவியலாளர். ஹிட்லர் காலத்தில் வியன்னாவை விட்டு ஓடிவந்த யூதக் குடும்பம் அது. தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறைக் கதையை மெக்னர் பின்னாளில் 'ரீப்ளே' என்ற படக்கதைப் புத்தகமாகவே வரைந்து எழுதினார். தம்பி ஓட, அப்பா இசை போட, அண்ணன் கோத்த விளையாட்டு. அதைத் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் மட்டும் ஆட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மில்லிலும் நாங்கள் தனியாக ஆடவில்லை. ஒருவர் விசைப்பலகையில், பின்னால் ஐந்து பேர். "இப்பக் குதி, இப்பக் குதி" என்று ஒரே சத்தம். பிரின்ஸ் என்று தட்டி, பக்கத்தில் மெகாஹிட் என்று சேர்த்துத் தட்டினால் குறுக்கு வழிகள் திறக்கும் என்று ஒரு பையன் கண்டுபிடித்துக்கொண்டு வந்த நாளில், சம்பளம் கூடியது மாதிரி ஒரு மகிழ்ச்சி!

1995-இல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு வாங்கினேன். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. இந்த விளையாட்டில் ஓர் இடம் உண்டு. நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வழியை மறித்து நிற்கும். அதற்குள் பாய்ந்து தாண்டினால், நம் நிழல் தனி ஆளாகப் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். பிறகு அது நமக்கு வைத்திருக்கும் மருந்தைக் குடிக்கும், கதவை மூடும். கடைசியில் பன்னிரண்டாம் கட்டத்தில் வாளை உருவிக்கொண்டு எதிரே வந்து நிற்கும். நாம் ஒரு வெட்டு வெட்டினால் அதற்கும் ஓர் உயிர் குறையும், நமக்கும் ஓர் உயிர் குறையும். கொன்றால் நாமும் செத்தோம். பல நாள் அங்கேயே நின்றது ஆட்டம்.

பக்கத்தில் முட்டுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் ஒரு நாள், "அவனும் நீங்கதானேங்கப்பா? சண்டை போடாம கத்திய உள்ள வெச்சுப் பாருங்க" என்றாள். வாளை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. இருவரும் நெருங்கி ஒன்றாகிவிட்டார்கள். அதற்கப்புறம், எதிரே வெறும் பள்ளமாகத் தெரிந்த இடத்தில் கால் வைக்க வைக்கத் தரை வந்தது. விடை அதுதான். மெக்னர் வைத்த விடையே அதுதான். என் தலைக்கு எட்டாதது பதினொரு வயதுப் பிள்ளைக்கு எட்டியது. பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன லாபம் என்று எனக்குப் புரிந்த நாள் அது.

பிறகு 2003-இல் 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்று அதே பெயரில் புது ஆட்டம் வந்தது. அதில் கதாநாயகி ஃபரா, இந்திய மகாராஜாவின் மகள். இளவரசன் கையில் காலத்தைப் பின்னால் திருப்பும் ஒரு குத்துவாள். தவறி விழுந்தால் சில நொடி பின்னால் போய்த் திரும்பக் குதிக்கலாம். கணக்குப் பிரிவில் அப்படி ஒரு கத்தி இருந்திருந்தால் மார்ச் மாதங்கள் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! அதை மகளும் நானும் அவள் கல்லூரி விடுமுறையில் ஆடி முடித்தோம்.

2024 ஜனவரியில் 'தி லாஸ்ட் கிரவுன்' வந்தது. பிரான்சில் மோன்பெலியே நகரத்து அணி ஒன்று செய்தது. நல்ல பெயர் வாங்கியது, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, அதே ஆண்டு அக்டோபரில் அந்த அணியைக் கலைத்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. நல்ல படம் ஓடாமல் போவது போலத்தான். 2025 கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து மகள் வந்தபோது, மாப்பிள்ளை தங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் பெட்டியைக் கையோடு கொண்டுவந்து எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். "பள்ளிக்கூடம் திறந்தா அங்க இது ஆகாது மாமா, இங்கயே இருக்கட்டும்." பேத்திக்குப் பதின்மூன்று வயது, பேரனுக்கு ஒன்பது.

முதல் எதிர்ப்பு என் வீட்டம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், வீட்டு மனை வாங்க வைத்திருந்த பணத்தை போனில் ரம்மி ஆடித் தோற்றவன். அதிலிருந்து 'கேம்' என்ற சொல்லே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

காசு வைத்து ஆடுவது சூது. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது சூதுதான். தமிழ்நாடு அரசு அதற்கென்று 2022-இல் சட்ட மசோதா கொண்டுவந்து, நீண்ட இழுபறிக்குப் பின் 2023 ஏப்ரலில் ஒப்புதல் வாங்கியது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து தனிச் சட்டமே போட்டது. நான் சொல்லும் விளையாட்டில் காசு கட்டி ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு முறை விலை கொடுத்து வாங்குகிறோம். அதற்கு ஆரம்பம் உண்டு, நடு உண்டு, முடிவு உண்டு. நாவல் மாதிரி. இரண்டையும் ஒரே பெயரில் திட்டுவது, சீட்டாட்டத்தையும் சதுரங்கத்தையும் ஒன்றாக வைப்பது போல.

இதை வீட்டம்மாவிடம் சொன்னேன். "பாக்கறேன்" என்றார். உட்கார்ந்து பார்த்தார். அங்கேதான் கதை மாறியது.

இந்தப் புது ஆட்டத்தில் கதாநாயகன் இளவரசனே இல்லை. சார்கோன் என்ற இளம் வீரன். கடத்தப்பட்டவன்தான் இளவரசன். அவனைத் தேடி காஃப் மலைக்குப் போகிறார்கள். அந்த மலையில் காலம் தாறுமாறாக ஓடுகிறது, ஒருவனுக்குச் சில நாள் ஆனது இன்னொருவனுக்குப் பல வருடம். பாரசீகப் புராணத்துப் பெரும்பறவை சிமுர்க்கின் சக்தி ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க, முன்பு போக முடியாத இடங்களுக்குப் போகலாம். அதனால் எந்த இடத்தில் எந்தக் கதவு மூடியிருந்தது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும். விளையாட்டே இதற்கு ஒரு வசதி செய்திருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த இடத்தைப் படம் பிடித்து வரைபடத்தில் ஒட்டிவைத்துவிடும். ஆனால் அதற்கும் ஒரு கணக்குண்டு, ஓரளவுக்கு மேல் ஒட்ட முடியாது.

எங்கள் வீட்டில் அந்தப் பற்றாக்குறை வரவில்லை. அரை நூற்றாண்டாக எந்தச் சம்பந்தி எந்தக் கல்யாணத்தில் என்ன மொய் வைத்தார் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்கிற அம்மா அவர். "ஏங்கண்ணு, நேத்து அந்தப் பாழடைஞ்ச ஊருக்குள்ள ஒரு பெட்டி மேல இருந்துச்சே, எட்டலைன்னு விட்டுட்டு வந்தியே. இப்பத்தான் ரெண்டு தாவு தாவறியே, அங்க போய்ப் பாரு" என்றார். பேத்தி வாயைப் பிளந்தாள். "அம்மாயி, எப்படீங்க ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

அன்று முதல் ஆளுக்கொரு வேலை. பேத்தி கை, அவள்தான் குதிப்பதும் வெட்டுவதும். என் விரல்கள் முன்போல ஓடுவதில்லை, அதனால் எனக்கு வரைபடம். அம்மாயி ஞாபகம். பேரனுக்கு எச்சரிக்கை இலாகா. எதிரி தாக்க வரும்போது மஞ்சள் மின்னினால் சரியான நேரத்தில் தடுத்துத் திருப்பி அடிக்கலாம், சிவப்பு மின்னினால் தடுக்க முடியாது, விலக வேண்டும். "மஞ்ச! மஞ்ச! செவப்பு! தாண்டு!" என்று அவன் போடும் சத்தம் எதிர்வீடு வரை கேட்கும். ஆரம்பத்திலேயே சிங்க உடம்பும் தேள் வாலுமாக ஒரு பெரிய மிருகம் வரும். அதனிடம் பதினேழு முறை தோற்றோம். பதினெட்டாவது முறை ஜெயித்தபோது வீட்டம்மா எழுந்து போய் எல்லோருக்கும் கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்தார்.

மகள் போட்ட விதி, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். ஜாஃபரின் மணற்கடிகாரக் கணக்கு. மீதி நேரமெல்லாம் பேச்சு. நாளைக்கு எந்தப் பக்கம் போவது, அந்தக் கதவு எதற்கு, அவன் நல்லவனா கெட்டவனா. உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போகும் வழியிலும் இதே பேச்சு. விளையாட்டில் எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆனால் அம்மாயிக்குச் சொல்ல வேண்டுமே! பேத்தி ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னாள். பெங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, எங்களிடம் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் தமிழில் பேசத் தயங்கியவள், ஒரு மாதத்தில் "அக்கட்டால போயி அந்த மொடாவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாமுங்க அப்புச்சி" என்று திட்டம் போட்டாள். வகுப்பு எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு வேலைக்காக ஒரு மொழி தேவைப்பட்டது, அது வந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. பேத்தியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு கடல் வரும். பெரும்புயல் அடிக்கும்போது காலம் அப்படியே நின்றுவிட்ட கடல். மலைபோல் எழுந்த அலை எழுந்தபடியே நிற்கிறது. உடைந்த கப்பல்கள் நடுவானில் சாய்ந்து நிற்கின்றன. நாம் கப்பலுக்குக் கப்பல் தாவிப் போக வேண்டும். ஓர் எதிரியும் இல்லாத இடமாகப் பார்த்து, பேத்தி கொஞ்ச நேரம் ஆளை அசைக்காமல் நிறுத்திவைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு, "ஸ்கூல்லயும் எனக்கு இப்படித்தான் இருக்குதுங்க அப்புச்சி" என்றாள்.

அவளுடன் இருந்த தோழிகள் மூன்று பேர் ஏதோ ஓர் அற்பக் காரணத்துக்காக அவளிடம் பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து அவள் தனியாகத்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்கே தெரியாது. தினமும் "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிற அம்மாதான். தினமும் "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான்.

நாங்கள் பெரிய புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டம்மா மட்டும், "கட்டையக் கீழ வெய்யி கண்ணு, வா" என்று பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆட்டம் பத்து நிமிடத்தோடு நின்றது. இரவு அவளே அவள் அம்மாவிடம் சொன்னாள். ஜூனில் பள்ளி திறந்ததும் வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார்கள்.

முகத்துக்கு நேராக உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "என்ன கஷ்டம், சொல்லு" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நாம் சொன்னோமா? நம் அப்பாக்கள் நம்மிடம் பேசியதெல்லாம் வண்டி ஓட்டும்போதும், வாய்க்கால் மடை திருப்பும்போதும், கடலைக்காய் உரிக்கும்போதும்தான். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, கை ஒரு வேலையில் இருக்கும்போதுதான் நெஞ்சில் இருப்பது வெளியே வரும். திண்ணையின் வேலையே அதுதான். எதிர் எதிரே உட்காராமல் தெருவைப் பார்த்து உட்காருவது. ஆர்.எஸ்.புரத்தில் இப்போது திண்ணை வைத்த வீடு எத்தனை? பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடியும் கடையும் ஆக்கிவிட்டோம். பிள்ளைகளோடு ஒரே பக்கம் பார்த்து உட்கார நமக்கு மிச்சமிருக்கும் இடங்களில் இந்தத் திரையும் ஒன்று. அதை அவர்களிடம் மட்டும் விட்டுவிட்டு நாம் விலகி நிற்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இது ஒன்றும் நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. கொங்கு நாட்டுக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். ஒருவர் பாட, இன்னொருவர் பின்பாட்டு. ஊரே சுற்றி உட்கார்ந்திருக்கும். பொன்னரும் சங்கரும், தங்கை அருக்காணித் தங்காளும், கொம்பன் என்ற காட்டுப்பன்றியும், வீரப்பூர்ப் படுகளமும் வரும்போது பொடிசுகள் கிழவிகள் மடியில் ஒண்டிக்கொள்ளும். பயம் வந்தால் ஒளிய ஒரு மடி இருந்தது, சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருந்தார். மாயமும் சண்டையும் மரணமும் அந்தக் கதையில் குறைவா? யாரும் அதனால் கெட்டுப்போகவில்லை. எந்தக் கதையும் கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது.

எதிர்வாதங்களையும் பார்ப்போம். விளையாட்டுக்கு அடிமையாவது என்று ஒன்று உண்டா? உண்டு. உலக சுகாதார நிறுவனமே அதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் பின்னுக்குப் போய் மாதக்கணக்கில் ஆட்டமே கதி என்று ஒரு பிள்ளை இருந்தால், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். கண் வலி, கழுத்து வலி எல்லாம் உண்மைதான். விலையும் குறைவில்லை. பெட்டியை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கிவைக்க முடியாது, வாங்கவும் வேண்டாம். இருக்கிற வீட்டுக்குத்தான் இந்தப் பேச்சு. ஒரு போனில் சதுரங்கமோ, புதிரோ சேர்ந்து ஆடினாலும் இதே பலன் கிடைக்கும்.

நாங்கள் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். முடிவு உள்ள கதையாக இருக்க வேண்டும். முடிவே இல்லாமல் தினமும் வா வா என்று கூப்பிடுகிற ஆட்டம் வேண்டாம். பெட்டியின் மேல் எந்த வயதுக்கு என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆட்டம் கூடத்தில், பெரிய திரையில், எல்லோரும் நடமாடும் இடத்தில். ஒரே ஒரு கட்டை, அது கைமாற வேண்டும். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடுவது கிடையாது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான், ஜெயிக்கிற நேரமாக இருந்தாலும். நாம் பக்கத்தில் உட்காரும்போது நம் போன் நம் கையில் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பதுதான் பிள்ளைகளைவிட நமக்குக் கஷ்டம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. 'தி லாஸ்ட் கிரவுன்' விளையாட்டில் பாத்திரங்கள் எல்லோரையும் பாரசீக மொழியிலேயே பேச வைக்கலாம். பாரசீகக் கதைதானே, அந்த மொழியிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் அப்படி வைத்துக் கேட்டோம். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அந்த மலைக்கும் மரத்துக்கும் அதுதான் பொருத்தமாக இருந்தது. பேரன் உடனே, "தமிழ்ல இப்படி இல்லீங்களா அப்புச்சி?" என்றான்.

இல்லாமல் இல்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்து 'வெண்பா' என்ற விளையாட்டு 2023-இல் டொரொண்டோவிலிருந்து வந்தது. மகனுக்கும் பெற்றோருக்கும் நடுவில் தமிழ் நழுவிப்போகிற கதை அது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. புனேக்காரர்கள் 2020-இல் 'ராஜி' என்று நம் புராணங்களை வைத்து ஒரு சாகச விளையாட்டைச் செய்தார்கள். அண்ணன்மார் கதைக்கு அப்படி ஒன்று ஏன் வரக் கூடாது? பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, அந்தக் கதையைப் பாடகர் வாயால் ஒலிநாடாவில் பதிவு செய்து, புத்தகமாக்கி, பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட கார்ட்டூன் படமாகவும் எடுத்தார். கலைஞர் அதை நாவலாக எழுதினார், 2011-இல் சினிமாவாகவும் வந்தது. கதை இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. கொம்பனை வேட்டையாடப் போகும் ஆட்டத்தில் உடுக்கைச் சத்தமும் நம் பேச்சும் கேட்டால், கட்டையைப் பிடிக்க நானே முதல் ஆளாக நிற்பேன்.

எங்கள் காஃப் மலைப் பயணம் இன்னும் முடியவில்லை. பள்ளி திறந்துவிட்டதால் கடைசிக் கட்டங்கள் பாக்கி. பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேத்தி போன் பண்ணி முதலில் கேட்பது, "அப்புச்சி, நீங்க மட்டும் தனியா ஆடிடலீங்களே?" என்றுதான். இல்லை என்றதும் பள்ளிக்கூடக் கதை ஆரம்பிக்கும். புதுத் தோழி ஒருத்தி கிடைத்திருக்கிறாளாம். அரை மணி நேரம் பேசுகிறாள். முன்பெல்லாம் இரண்டு நிமிடம் பேசி, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பாள்.

அரைப் பரீட்சை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். ஒரு நாற்காலியை அவர்கள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "இது என்ன கதை, எனக்கும் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.